நெட் போச்சா? ரீசெட் ஊசியை எடுக்காதீர்கள்: டர்பன் வீட்டு இணையத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"தம்பி, நெட் வரல. நானே பின்னாடி ஊசிய விட்டு அழுத்திப் பார்த்துட்டேன். அப்பவும் வரல."

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். ஊசியை விடுவதற்கு முன் பழுது ஒன்றுதான். விட்ட பிறகு இரண்டாகிவிடும். அதனால் மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ரௌட்டரை அணைத்து மறுபடி போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. அணைத்துப் போட்டால் ரௌட்டர் தூங்கி எழுந்த மாதிரி. ஊசியால் பத்து விநாடி அழுத்தினால், கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், லைனுக்குள் நுழைவதற்கான பயனர் பெயர் எல்லாம் போய்விடும். அந்தப் பயனர் பெயர் எழுதிய தாள் எந்த வீட்டிலும் கைக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது, இந்த நாட்டில் இணையம் எப்படி வீட்டுக்கு வருகிறது என்பது. சென்னையிலிருந்து வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்திருக்கும் நண்பர்கள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள். ஊரில் கம்பி இழுப்பதும் பில் போடுவதும் பெரும்பாலும் ஒரே ஆள். இங்கே ஃபைபரில் இரண்டு பேர். ஓபன்சர்வ், வூமாடெல், மெட்ரோஃபைபர், ஃப்ராக்ஃபுட் போன்றவை தெருவில் கண்ணாடி இழை போட்டுப் பராமரிக்கும் கம்பெனிகள். அந்த இழையை வாடகைக்கு எடுத்து நமக்கு இணையம் விற்று, மாதம் பணம் வாங்குவது வேறொரு சேவைக் கம்பெனி. மூன்றாவது ஆள் நாம்: வீடு, ரௌட்டர், சுவர், போன். பழுது இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் போன் செய்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், நாள் கணக்கில் பந்தாடுவார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதையே முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

சுவரில் மாட்டிய சின்ன வெள்ளைப் பெட்டிதான் ஓஎன்டி. மெல்லிய ஃபைபர் கயிறு அதற்குள் போகும். அங்கிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிள் ரௌட்டருக்கு வரும். பெட்டிக்கு அந்தப் பக்கம் கம்பிக் கம்பெனி. இந்தப் பக்கம் வீடு. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது அல்லது சிமிட்டுகிறது

எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு அது. வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். ரௌட்டரை என்ன செய்தாலும் இது போகாது. பழுது பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அல்லது பெட்டிக்குள் நுழையும் அந்தக் கயிற்றில் இருக்கிறது.

அந்தக் கயிற்றை முதலில் பாருங்கள். போன வருடம் புரட்டாசிக்கு முன், வழக்கம்போல வீட்டைக் கழுவித் துடைத்தபோது பக்கத்து வீட்டு ஆயா வீட்டில் இது நடந்தது. அலமாரியை இழுத்துத் தரையைத் துடைத்து, மறுபடி சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து சிவப்பு. நான் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் கயிறு சுவருக்கும் அலமாரியின் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே நசுங்கி, நகம் மாதிரி வளைந்து கிடந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி இழை, கண்ணாடி உறையோடு சேர்த்தே 125 மைக்ரான், ஒரு தலைமுடி அளவு. வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். கூர்மையாக மடக்கினால் வெளிச்சம் வளைவில் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். அலமாரியை இரண்டு விரல் முன்னால் இழுத்துக் கயிற்றைத் தளர்த்தியதும், ஒரு நிமிடத்துக்குள் பச்சை வந்துவிட்டது. இழை உடையவில்லை. வளைவுதான் வெளிச்சத்தைத் தடுத்திருக்கிறது.

கயிறு நேராக இருந்தும் சிவப்பு போகவில்லை என்றால் பழுது வெளியில். எங்கள் பகுதியில் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு ஃபைபர் தொங்குகிறது. குரங்குகள் மாமரத்திலிருந்து அதன்மேல் தாவி ஊஞ்சலாடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய் போட யாரோ தோண்டியிருக்கலாம். லாரி கம்பத்தில் இடித்திருக்கலாம். வெளியே போய்ப் பாருங்கள், எதிர்வீட்டிலும் கேளுங்கள். அதே கம்பிக் கம்பெனி லைன் எதிர்வீட்டிலும் செத்திருந்தால் உங்கள் வீட்டுப் பழுது இல்லை.

பெட்டியில் செருகியிருக்கும் ஃபைபர் கயிற்றின் பச்சை மூக்குள்ள முனையைக் கழற்றித் துடைக்க வேண்டாம். ஒரு தூசி போதும், சிக்னல் கெட்டுவிடும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத ஒளி. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சேவைக் கம்பெனிக்குப் போன் செய்து, "ஓஎன்டியில் எல்ஓஎஸ் சிவப்பு, கயிறு வளையவில்லை, எதிர்வீட்டிலும் இதே நிலை" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் மூலமாகத்தான் கம்பிக் கம்பெனிக்குப் புகார் போகும். இந்த ஒரு வரி, ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்று அவர்கள் சொல்லித்தரும் முதல் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெட்டியில் எல்லாம் பச்சை, ஆனால் நெட் இல்லை

இழை நன்றாக இருக்கிறது. இனி சந்தேகம் ரௌட்டர் மேலும் சேவைக் கம்பெனி மேலும்தான். பெட்டியிலிருந்து வரும் கேபிள், ரௌட்டரில் மற்றவற்றிலிருந்து தனியாக, வேறு நிறத்தில் இருக்கும் ஓட்டையில் செருகியிருக்கிறதா பாருங்கள். வீட்டைச் சுத்தம் செய்தபின் பக்கத்து ஓட்டைக்கு மாறிப்போவது ரொம்பச் சாதாரணம்.

அது சரி என்றால், இரண்டையும் அணையுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். முதலில் பெட்டியை மட்டும் போட்டு, அது பச்சையான பிறகு ரௌட்டரைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். ரௌட்டர் முன்னால் எழுந்து, லைன் இல்லையே என்று தேடிச் சலித்து நின்றுவிடும் வகைகள் உண்டு.

அப்படியும் வரவில்லையா? பில் கட்டியாயிற்றா என்று பாருங்கள். வங்கி அட்டை காலாவதியாகி, மாதாந்திரப் பணம் போகாமல் இருந்ததைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அடுத்து, யாராவது ஊசியை எடுத்தார்களா என்று கேளுங்கள். சில லைன்களில் ரௌட்டர் தானாக முகவரி வாங்கிக்கொள்ளும். அங்கே ரீசெட் செய்தாலும் பிழைத்துவிடும். வேறு சில லைன்களில் பிபிபிஓஇ என்ற முறையில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரௌட்டருக்குள் எழுதியிருக்க வேண்டும். அதை அழித்துவிட்டால் சேவைக் கம்பெனியிடம் மறுபடி வாங்கித்தான் ஆக வேண்டும். இன்றைக்கே, நெட் நன்றாக ஓடும்போதே, அவற்றைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள்.

வாட்ஸ்அப் வருகிறது, சில வலைத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்திருக்கிறது. ரௌட்டரிலோ போனிலோ டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

மின்சாரம் போய் வந்த பிறகு நெட் வரவில்லை

2023 மாதிரி நாளுக்கு மூன்று முறை லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, என்ற காலம் போய்விட்டது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது, புயல் மழை என்று மின்சாரம் போவது நிற்கவில்லை. மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் மின்னழுத்த அலைதான் (சர்ஜ்) ரௌட்டரைக் கொல்கிறது. போகும்போது எதுவும் ஆவதில்லை. அதனால் மின்சாரம் போனதும் பிளக்கைப் பிடுங்கி, வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுவது நல்லது. சர்ஜ் பிளக் இருந்தால் இன்னும் நல்லது.

மினி யூபிஎஸ் வைத்திருக்கிறீர்கள், ஆனாலும் நெட் நின்றுபோகிறது என்றால், அதில் ரௌட்டரை மட்டும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டையும் மாட்ட வேண்டும். மாட்டும் முன் அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்ப், 9 வோல்ட் 0.6 ஆம்ப் என்று இருக்கும். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்ப், யூபிஎஸ்ஸில் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. 9 வோல்ட் ரௌட்டரில் 12 வோல்ட் முனையைச் செருகினால், முனை கச்சிதமாகப் பொருந்தும், ரௌட்டர்தான் கருகும். முனைகள் பெரும்பாலும் ஒரே அளவில் வருவதால் ஏமாந்துபோகிறோம்.

விளம்பரத்தில் வரும் எண்ணையும் ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். 8,800 மில்லி ஆம்ப் அவர் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட் அவர்தான். ஓஎன்டியும் ரௌட்டரும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், வீணாவது போக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். நாள் முழுக்க வரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், அப்போது அதுவும் பாதியாகிவிடும்.

சிம் போட்டு டவரிலிருந்து இணையம் வாங்கும் எல்டிஇ ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வீட்டில் யூபிஎஸ் இருந்தாலும் டவரில் பேட்டரி இல்லாவிட்டால் பயனில்லை. டவர் பேட்டரிகளைத் திருடுகிறார்கள் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பகுதி முழுக்க மின்சாரம் போன ஒரு மணி நேரத்தில் சிக்னல் இறங்கினால், பழுது உங்கள் கையில் இல்லை.

முன்னறையில் பறக்கிறது, பின்னறையில் ஊர்கிறது

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். வீணாகப் பணம் செலவழிப்பதும் இதில்தான். மெதுவாக இருக்கிறது என்று பெரிய பேக்கேஜுக்கு மாறிவிடுகிறார்கள். 50 எம்பிபிஎஸ் பின்னறைக்குப் போகாதது 200 போட்டாலும் போகாது. தடுப்பது சுவர்.

முதலில் எல்லை போடுங்கள். லேப்டாப்பைக் கேபிளால் ரௌட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். வாங்கிய வேகம் கேபிளில் வந்துவிட்டால், கம்பிக் கம்பெனி மேலும் சேவைக் கம்பெனி மேலும் குற்றமில்லை. வைஃபை நம்முடைய பாடு. ஒரு எச்சரிக்கை: 200 எம்பிபிஎஸ் வாங்கியிருந்து, கேபிளில் 94 மட்டும் வந்து அதிலேயே நின்றால், கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது ரௌட்டரின் ஓட்டையே 100க்கு மேல் போகாத பழைய வகை. கேபிளை மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கோப்பின் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அது ஏமாற்று இல்லை.

சாட்ஸ்வொர்த் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் நம் குடும்பங்களை மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, நகராட்சி கட்டிக் கொடுத்தவை பல. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போடும் இணைவீடு. பிறகு ஒவ்வொருவரும் கையில் பணம் வந்தபோது பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையலறை, முற்றத்தில் வாடகைக்கு விட ஒரு அவுட்பில்டிங் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். முதலில் வெளிச்சுவராக இருந்தது இன்று வீட்டுக்கு நடுவில் நிற்கிறது. ஃபைபர் பெட்டியோ தெருப் பக்கம், முன்வாசலுக்கு மேல். வைஃபை மூன்று முழுச் சுவரைத் தாண்டி, தகரக் கூரை அறைக்குப் போக வேண்டும். போகாது.

இதற்கு மேல், பங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டு ரௌட்டர், சில நேரம் நம் ரௌட்டருக்கு ஒரு முழம் தள்ளி. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இருவரும் ஒரே சேனலில் இருந்தால், ஒரே அறையில் இருவர் உரக்கப் பேசுவது போல ஆகிவிடும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசி, அவர் 1, நான் 11 என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு வீட்டிலும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுபடுவது நின்றது. ஒரு சென்ட் செலவில்லை. முன்னறையில் இருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். அது வேகம், ஆனால் சுவர் தாண்டாது. 2.4ஐப் பின்னறைக்கு விடுங்கள்.

ரௌட்டரை டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், பெரிய கண்ணாடிக்கு அருகில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்ணீரும் உலோகமும் சிக்னலை விழுங்கும். பூசை அறை மாடத்தின் பித்தளைக்குப் பின்னால் வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும், கடையில் விற்கும் மலிவு ரிப்பீட்டர் எனக்குப் பிடிக்காது. அது கேட்பதும் பேசுவதும் ஒரே ரேடியோவில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்த இடத்தில் மாட்டுகிறார்கள். செத்த சிக்னலைத்தான் அது திருப்பிச் சொல்லும். என் தீர்வு எப்போதும் கேபிள்தான். 20 மீட்டர் கேட்6 கேபிளை முன்னறையிலிருந்து கூரை வழியாக அவுட்பில்டிங்குக்கு இழுத்து, அந்த முனையில் ஒரு பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டியாக, மாற்றி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வருடக்கணக்கில் தொந்தரவு இல்லை. வெளியில் போகிற கேபிள் என்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை வகையாக வாங்குங்கள். டர்பன் வெயிலில் சாம்பல் நிறக் கேபிள் சில வருடங்களில் பொரிந்துவிடும்.

பகலில் சரி, இரவு ஏழு மணிக்குப் பிறகு இழுக்கிறது

மூன்று நாள், காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும், கேபிளில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கேபிளில் என்பதை மறக்காதீர்கள். வைஃபையில் எடுத்த படத்தைச் சேவைக் கம்பெனி ஒதுக்கித் தள்ளும். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு.

காலையில் முழு வேகம், இரவில் பாதி என்றால் நெரிசல். தெருவில் ஓர் இழையை 32 வீடு வரை, சில இடங்களில் 64 வீடு வரை பகிர்ந்துகொள்கிறோம். ஜிபான் என்ற இந்தப் பகிர்வு முறையில் இறங்கும் பக்கம் மொத்தம் 2.5 கிகாபிட். அது பெரும்பாலும் போதும். நெரிசல் அதிகம் வருவது சேவைக் கம்பெனி தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கும் அளவில்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அதே கம்பி, வேறு சேவைக் கம்பெனி வைத்திருக்கும் எதிர்வீட்டில் இரவு எட்டு மணிக்கு எப்படி என்று கேளுங்கள். அங்கே நன்றாக ஓடினால் கம்பியில் குற்றமில்லை. சேவைக் கம்பெனியை மாற்றினால் போதும், சுவரைத் தோண்ட வேண்டியதில்லை. பகிர்வுக் கம்பி முறையில் நமக்கு இருக்கும் பெரிய நன்மை இதுதான். இதைப் பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாதக் கடைசியில் மட்டும் மெதுவாகிறது, அதுவும் எல்டிஇ அல்லது 5ஜி என்றால், நியாயப் பயன்பாட்டுக் கொள்கையைத் தேடிப் படியுங்கள். அன்கேப்ட், அதாவது அளவில்லாதது, என்று பெரிய எழுத்தில் விற்பார்கள். இத்தனை ஜிபிக்கு மேல் போனால் வேகத்தைக் குறைப்போம் என்பது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அளவு வைப்பதை நான் தப்பு சொல்லவில்லை. ரேடியோ அலை எல்லோருக்கும் பொது, ஒருவர் இரவும் பகலும் இழுத்தால் மற்றவருக்கு இருக்காது. ஆனால் அந்த எண்ணை விலைக்குப் பக்கத்தில், விலை எழுதிய அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அதைப் போடாமல் அன்கேப்ட் என்ற சொல்லை விற்பது தவறு.

சென்னைக்கு அழைத்தால் அறுபடுகிறது, உள்ளூர் எல்லாம் சரி

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முழு வேகம் காட்டும், ஏனென்றால் அது தானாக அருகில் இருக்கும் டர்பன் அல்லது ஜோஹன்னஸ்பர்க் சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. சர்வரை லண்டன் என்றும், பிறகு மும்பை அல்லது சென்னை என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். உள்ளூர் நன்றாக, வெளியூர் படுமோசம் என்றால் பழுது, நாடுகளை இணைக்கும் கடலடிக் கேபிளில் இருக்கலாம்.

2024 மார்ச் 14 அன்று இதுதான் நடந்தது. ஐவரி கோஸ்ட் கடலில் வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்று நான்கு கேபிள் ஒரே நாளில் அறுந்தன. கடலடி மண் சரிவு காரணம் என்று கருதப்பட்டது. அன்று என்னை அழைத்தவர்களில் இருவர் புது ரௌட்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட்டிலும் காங்கோ ஆற்று வாய்க்கு வெளியே வாக்ஸும் சாட்-3யும் அறுந்தன. கேப் டவுனில் நிற்கும் லியோன் தெவெனின் என்ற பழுது பார்க்கும் கப்பல் போய்த் தேடி எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் ஆகிற வேலை. அதுவரை நாம் செய்யக்கூடியது வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசுவது.

கேபிள் நன்றாக இருக்கும் நாளிலும் தாமதம் இருக்கும். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மேற்குக் கரை வழியாக ஐரோப்பாவுக்கு 14,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது 140 மில்லி விநாடி ஆகும். எந்தப் பேக்கேஜாலும் அதைக் குறைக்க முடியாது. இந்தியாவுக்கு நேராகப் போகும் சேஃப் கேபிள் நம் வடகரையில் முட்டுன்சினியில் இறங்குகிறது. அங்கிருந்து ரியூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. 1860ல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து நம் முன்னோர் ஒரு மாதத்துக்கு மேல் கடந்துவந்த அதே இந்தியப் பெருங்கடல். ஆனால் உங்கள் அழைப்பு அந்த வழியாகத்தான் போகும் என்று உறுதி இல்லை. சேவைக் கம்பெனி எந்த வழியில் இடம் வாங்கியிருக்கிறதோ அந்த வழி. சில நேரம் லண்டன் போய்ச் சுற்றி வரும். இந்தியாவோடு நாள்தோறும் பேசுகிறவர்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

காவடியை நேரலையில் அனுப்பினால் படம் உறைகிறது

இது எங்கள் கோவிலில் தைப்பூசத்தன்று நடந்தது. லைன் 100 எம்பிபிஎஸ் என்றார்கள். அது இறங்கும் வேகம். ஏறும் வேகம் பல பேக்கேஜில் அதைவிடக் குறைவு. நேரலைக்கு வேண்டியது ஏறும் வேகம்தான். டெஸ்ட்டில் அப்லோடு எண்ணைப் பாருங்கள். தெளிவான படத்துக்கு 5 எம்பிபிஎஸ் தடையில்லாமல் ஓட வேண்டும். கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லாம் அதே வைஃபையில் புகைப்படம் ஏற்றினால் அது கிடைக்காது. கேமராவுக்குத் தனிக் கேபிள் கொடுத்து, பக்தர்களுக்கான வைஃபையை அந்த இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தோம். அதன் பிறகு ரதம் திரும்பும் வரை ஒரு முறைகூட நிற்கவில்லை. வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த, நடக்க முடியாத ஒரு தாத்தா, மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை

ரௌட்டருக்குள் நுழைந்து, இணையப் பக்க முகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. சிஜிநாட் என்று பெயர். இந்த நிலையில் ரௌட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல், திறந்து பயனில்லை. சேவைக் கம்பெனியிடம் பொது முகவரி கேளுங்கள். சிலர் இலவசமாகத் தருவார்கள், சிலர் மாதக் கட்டணம் கேட்பார்கள். அல்லது கேமராக் கம்பெனியின் செயலி வழியாகப் பாருங்கள்.

பொது முகவரி கிடைத்தாலும், கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றாமல் போர்ட் திறக்காதீர்கள். வீட்டைக் காவல் காக்க வாங்கியது, முகம் தெரியாத ஒருவனுக்கு வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

போட்ட டேட்டா எங்கே போனதென்றே தெரியவில்லை

அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருப்பவர்கள், ஃபைபர் வராத தெருவில் இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. போனில் தானாகப் புதுப்பிப்பதை வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், அமைப்பில் அந்த இணைப்பை மீட்டர்டு (அளவுக்குட்பட்டது) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் ஒரே இரவில் இரண்டு மூன்று ஜிபியை விழுங்கும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசா 2019ல் கொண்டுவந்த விதிப்படி, டேட்டா 50, 80, 100 விழுக்காடு தீரும்போது கம்பெனி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் பேக்கேஜுக்கு வெளியே கட்டணம் பிடிக்கக் கூடாது. மிச்ச டேட்டாவை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகவும், அதே கம்பெனியில் இன்னொருவருக்கு மாற்றவும் வழி தர வேண்டும். அந்தப் பொத்தான் செயலியின் அடி ஆழத்தில் இருக்கும், தேடி எடுங்கள்.

விலையும் தானாகக் குறையவில்லை. 2019 டிசம்பரில் போட்டி ஆணையத்தின் அறிக்கை வந்த பிறகுதான், 2020 ஏப்ரலில் வோடகாம் 30 நாள் 1 ஜிபியை 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு இறக்கியது. இன்னமும் சின்னப் பொட்டலமாக வாங்குகிறவர் ஒரு ஜிபிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். மாதம் ஆயிரம் ரேண்ட் கட்ட முடிந்தவருக்கு டேட்டா மலிவு, பத்து ரேண்ட் பத்து ரேண்டாக வாங்குகிற வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு விலை அதிகம். இது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஃபைபரில் மிச்சம் இருந்தால், பின் அறையில் இருப்பவருக்கு விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்துகொடுங்கள். உங்கள் கணினிகள் அதில் தெரியாது.

எல்லாம் செய்தும் கம்பெனி கேட்கவில்லை

போனில் மட்டும் பேசாதீர்கள். மின்னஞ்சல் அனுப்பி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த விளக்கு எந்த நிறம், கேபிளில் என்ன வேகம், எதிர்வீட்டில் என்ன நிலை என்று ஐந்து வரி போதும். கோபத்தை எழுத வேண்டாம். நான் எழுதிக்கொடுத்த ஒரு புகார், ஆறு படங்களும் ஐந்து வரியும், இரண்டாம் நாளே டெக்னீஷியனைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அந்தக் குடும்பம் மூன்று வாரமாகப் போனில் காத்திருந்தது.

நியாயமான காலம் கொடுத்தும் பதில் இல்லை என்றால், அந்த ரெஃபரன்ஸ் நம்பரோடு இக்காசாவுக்குப் புகார் அனுப்பலாம். சேவைக் கம்பெனி இஸ்பா என்ற இணையச் சேவையாளர் சங்கத்தின் உறுப்பினராக இருந்தால், சங்கத்தின் நடத்தை விதிப்படி அங்கேயும் புகார் செய்யலாம்.

விலக நினைத்தால், ஒப்பந்தத்தைப் பாருங்கள். 24 மாத ஒப்பந்தம் என்றாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். அவர்கள் நியாயமான தொகையை மட்டும் பிடிக்கலாம். மாதத்துக்கு மாதம் என்ற ஃபைபர் என்றாலும், முதல் வருடத்துக்குள் விலகினால் இலவசமாக மாட்டிக்கொடுத்ததற்கான பணத்தைப் பல கம்பெனிகள் திரும்பக் கேட்கும், கிளாபேக் என்பார்கள். ரௌட்டரும் அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரத்துக் கடிதம் அனுப்பும் முன் அந்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரௌட்டரைத் திருப்பும்போது அதன் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். புது லைன் ஓட ஆரம்பித்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.